தொழில்முறை டாமினேட்ரிக்ஸ் பணி பாலியல் தொழிலில் அடங்குமா? சட்டமும் ஒழுக்கமும் குறித்த ஒரு கேள்வி

நிலானி, ஸ்காபரோ

அனைவருக்கும் வணக்கம்.

நான் ரொறன்ரோவில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கெழுதியும் வரிப் படிவங்கள் தயாரித்தும் கொடுக்கிறேன். பல்கலைக்கழகக் காலத்திலிருந்து எனக்கு நெருக்கமான ஒரு தோழி, தாம் சில ஆண்டுகளாகத் தொழில்முறை டாமினேட்ரிக்ஸாக இருப்பதை அண்மையில் என்னிடம் சொல்லி, தம் கணக்குகளைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இச்சொல்லைக் கேட்டிராதவர்களுக்காக ஒரு விளக்கம். அடிபணிந்து நிற்பதில் நிறைவு காணும் ஒருவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்ட எல்லைகளுக்குள் அவருக்குக் கட்டளையிட்டும், அவரைக் கட்டிவைத்தும், பிரம்பால் அடித்தும், வார்த்தைகளால் தாழ்த்தியும் நடத்துகிற பெண்ணை அப்படி அழைக்கிறார்கள்.

தோழியின் நிலைப்பாடு உறுதியானது. தம் அறையில் உடலுறவு நடப்பதில்லை, தாம் ஆடை களைவதில்லை, வாடிக்கையாளர் தம்மைத் தொடுவதற்கு அனுமதியில்லை, ஆகவே தாம் செய்வது பாலியல் தொழில் ஆகாது என்று அவர் வாதிடுகிறார். தம்மை யாராவது அப்படிக் குறிப்பிட்டால் அவர் உண்மையாகவே புண்படுகிறார். நான் அவரைப் புண்படுத்த விரும்பவில்லை. ஆனால் கணக்கில் வருமானத்தின் தன்மையை எழுதவேண்டிய இடத்தில் என் பேனா நிற்கிறது.

சட்டம் அவருடைய வாதத்தை ஏற்கிறதா என்பதே என் முதற்கேள்வி. ஏற்காவிட்டால், அவரிடம் கணக்குவேலைக்குக் கூலி வாங்கும் எனக்கு அதனால் ஏதேனும் ஆபத்து உண்டா என்பதையும் அறிய வேண்டும். இவற்றுக்கு அப்பால் இன்னொன்று என்னை இவற்றைவிடக் கூடுதலாக வருத்துகிறது. தொடுதல் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு செயல் பாலியலின் எல்லையை விட்டு வெளியே வந்துவிடுமா? வரவில்லையென்றால், அவருடைய மதிப்பில் குறைவதுதான் என்ன? ஒழுக்கம் பற்றிய கேள்வியை நான் தெரிந்தே சேர்த்துக் கேட்கிறேன். ஆதலால் கருத்து வேறுபடுகிறவர்களும் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

தேவா, மார்க்கம்

நிலானி தங்கச்சிக்கு,

நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் குற்றவியல் சட்டத்தரணிகளின் அலுவலகங்களில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவன். உங்கள் முதற்கேள்விக்கு ஒன்ராறியோ நீதிமன்றங்கள் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டன. அந்த விடை பிறந்த இடம், நம்மவர்கள் ஏராளமாக வாழும் மார்க்கத்தை ஒட்டிய தோர்ன்ஹில்.

அங்கே டெரி-ஜீன் பெட்ஃபோர்ட் என்பவர் ஒரு வீட்டில் டாமினேட்ரிக்ஸாகத் தொழில் நடத்தி வந்தார். 1994ல் பொலிஸார் அவ்வீட்டைச் சோதனையிட்டு, விபச்சார விடுதி நடத்தியதாக அவர்மீது குற்றம் சாட்டினர். அவ்வீட்டில் உடலுறவு நடைபெறவில்லை என்பது அவர் தரப்பின் வாதம். உங்கள் தோழி இன்று சொல்வதும் ஏறத்தாழ அதுவேதான். 1998ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு 3,000 டொலர் தண்டம் விதித்தது; 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. உடலுறவு இல்லை என்பதனால் மட்டும் ஒரு சேவை பாலியல் தன்மையை இழந்துவிடாது என்பதையே அந்த வழக்கு நிலைநாட்டியது.

அதே பெட்ஃபோர்ட் 2007ல் வலெரி ஸ்கொட், ஏமி லெபோவிச் ஆகிய இரு பெண்களோடு சேர்ந்து, பேராசிரியர் அலன் யங் வழிநடத்த, விபச்சாரம் தொடர்பான மூன்று சட்டப் பிரிவுகளும் தொழிலாளர்களின் உயிர்ப்பாதுகாப்பைப் பறிக்கின்றன என்று வழக்குத் தொடுத்தார். 2013 டிசம்பர் 20ல் கனடிய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஏகமனதாக அப்பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்து, புதிய சட்டம் இயற்றுவதற்குப் பாராளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தனர். அப்படி வந்த சட்டம் 2014 டிசம்பர் 6ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பாலியல் சேவையை விலைக்கு வாங்குவது குற்றம். தன் சொந்தச் சேவையை விற்பவருக்கோ வழக்கிலிருந்து விலக்கு உண்டு.

பாலியல் சேவை எது என்பதற்கு அச்சட்டம் வரைவிலக்கணம் தரவில்லை. அச்சட்டத்தோடு நீதித் திணைக்களம் வெளியிட்ட விளக்க ஆவணத்தில், சேவை பாலியல் தன்மையுடையதா, அதைப் பெறுபவருக்குப் பாலியல் நிறைவளிப்பது அதன் நோக்கமா என்ற அளவுகோல் சொல்லப்பட்டிருக்கிறது. நீதிமன்றங்கள் இதுவரை இவ்வகையில் சேர்த்தவற்றைக் குறிப்பிடுமிடத்தில், பாலியல் கிளர்ச்சியையோ நிறைவையோ தரக்கூடியவையாக இருந்தால் வலியும் அடிபணிதலும் சார்ந்த செயல்களும் அதில் அடங்கும் என்று அவ்வாவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. மேடையில் ஆடை களைந்து ஆடுவது அவ்வரிசையில் சேர்க்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, யார் யாரை எங்கே தொட்டார் என்பதோடு இந்த விசாரணை முடிந்துவிடுவதில்லை. அந்த அறைக்குள் வாங்கப்பட்டது எது என்பதே கேள்வி. உங்கள் தோழியின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பாலியல் நிறைவை நாடியே வருகிறார்கள் என்று சாட்சியம் காட்டினால், அவர் ஆடை களையாதது அவ்வாதத்தை முறியடிக்கப் போதாது என்பது என் கருத்து.

இதன் விளைவைத் தோழி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தம் சேவையை விற்றதற்காக அவர்மீது வழக்கு வராது. அவரிடம் வரும் வாடிக்கையாளர்தான் குற்றவாளி. அவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமுண்டு. உங்கள் தோழியைச் சுற்றி நின்று பொருட்பயன் பெறுபவர்கள் குற்றவியல் சட்டக் கோவையின் 286.2 பிரிவின் கீழ் வரக்கூடும். அதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாம் கேள்வி எழுகிறது. அப்பிரிவிலேயே விதிவிலக்குகள் உண்டு. பொதுமக்கள் எல்லோருக்கும் எந்த நிபந்தனைகளில் ஒரு சேவையைக் கொடுக்கிறீர்களோ, அதே நிபந்தனைகளில் அவருக்கும் கொடுத்துக் கூலி பெற்றால் குற்றமில்லை. முடி திருத்துபவரிடம் வாங்கும் அதே கட்டணத்தை அவரிடமும் வாங்குங்கள். ஒரு டொலர் கூடுதலாகவும் வேண்டாம், வருமானத்தில் வீதமாகவும் வேண்டாம். ஆனால் பாலியல் சேவை விற்கும் ஒரு வணிக நிறுவனத்தின் சூழலில் அப்பயன் பெறப்பட்டால் விதிவிலக்கு அற்றுப்போகும். கல்கரியில் அத்தகைய நிறுவனமொன்றுக்குச் சம்பளத்துக்குக் கார் ஓட்டிய இருவர்மீது எழுந்த குளூபாகோவ் வழக்கில், இப்பிரிவு அரசமைப்புக்கு உட்பட்டதே என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தோழி தனியாகத் தொழில் செய்கிறாரா, வேறு பெண்களை வைத்து நடத்துகிறாரா என்பது உங்களுக்கு முக்கியமான செய்தி.

வரி விடயத்தில் சிக்கல் இல்லை. தொழில் சட்டத்துக்கு உட்பட்டதோ இல்லையோ, வருமானம் வருமானம்தான். வன்கூவரில் அழைப்புப் பெண்களை வைத்துத் தொழில் நடத்திய ஒருவரின் வழக்கில், இலாபத்துக்கு வரி உண்டு, ஆதாரம் காட்டக்கூடிய தொழிற்செலவுகளைக் கழிக்கலாம் என்று 1964லேயே தீர்ப்பாகியிருக்கிறது. தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளின் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் விற்பனை வரிக்கும் அவர் பதிவுசெய்ய வேண்டும். வருமானத்தின் தன்மையை எழுதும் இடத்தில் பொய் வேண்டாம். தனியாள் பொழுதுபோக்குச் சேவை என்று பொதுப்பட எழுதுவது பொய்யாகாது என்பது என் எண்ணம்.

செந்தில், குயீன்ஸ்

தேவா அவர்கள் எழுதியது கனடாவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நான் வசிக்கும் நியூயார்க்கில் இதே கேள்விக்கு நேர்மாறான விடை ஒன்று உண்டு. இங்கே கட்டணத்துக்குப் ‘பாலியல் நடத்தை’யில் ஈடுபடுவதையோ, ஈடுபட உடன்படுவதையோ சட்டம் விபச்சாரம் என்கிறது. ஆனால் அந்த நடத்தை எது என்று அப்பிரிவில் வரையறுக்கவில்லை. புரூக்ளினில் 1994ல், அதாவது தோர்ன்ஹில் வீடு சோதனையிடப்பட்ட அதே ஆண்டில், ஒரு டாமினேட்ரிக்ஸ் மீதான வழக்கில், அடிப்பது, பாதங்களை நக்கச் செய்வது, அடிபணியச் செய்வது போன்றவை உடலுறவோ அதற்கு ஒப்பான பாலுறுப்புச் செயலோ ஆகா என்பதால் விபச்சாரம் ஆகாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அது கீழ்நிலை நீதிமன்றத் தீர்ப்பு. மாநிலம் முழுவதையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. ஆயினும் இங்கே இத்தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டை மனத்தில் வைத்தே நடந்துகொள்கிறார்கள்.

கோடு தெளிவாக இருப்பதால் நியூயார்க் வழி மேலானது என்று நான் சொல்ல மாட்டேன். உடலுறுப்பை வைத்துக் கோடு போட்டால், வாடிக்கையாளர் வேடத்தில் வரும் காவலருக்குச் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: பேச்சின் நடுவே கோட்டுக்கு அப்பாலுள்ள ஒன்றைக் கேட்டு, அந்தப் பெண்ணை ‘சரி’ என்று சொல்ல வைப்பது. இங்கே கனடாவைப் போல விற்பவருக்கு விலக்கு இல்லை. அந்த ஒரு சொல்லுக்கே அவர் கைதாகலாம். எனவே ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அவர் தம் நாவைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசி எல்லை வகுப்பதுதான் இத்தொழிலின் பாதுகாப்புக்கு அடிப்படை. அந்தப் பேச்சையே ஆபத்தாக்கிவிடும் சட்டம் யாரைக் காக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஜெர்மனி மூன்றாவது வழியில் சென்றிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டம், இன்னொருவர் நேரில் இருக்கக் கட்டணத்துக்காகச் செய்யப்படும் பாலியல் செயலைப் பரந்த பொருளில் எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவர் பதிவுசெய்ய வேண்டும், சுகாதார ஆலோசனைக்குச் செல்ல வேண்டும் என்கிறது. குற்றவாளிப் பட்டம் இல்லை. ஆனால் பெயரைப் பதிவேட்டில் எழுதக்கொடுக்க அஞ்சுகிறவர்கள் மறைவிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அருட்செல்வி, ரொறன்ரோ

நிலானி, உங்கள் மூன்றாம் கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. நான் ஒரு சமூக சுகாதார நிலையத்தில் தாதியாக இருக்கிறேன். வீதியில் நின்று தொழில் செய்யும் பெண்கள், மசாஜ் நிலையங்களில் வேலை செய்பவர்கள், இணையத்தில் படம் விற்பவர்கள், உங்கள் தோழியைப் போன்றவர்கள் என எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தோழி செய்வது பாலியல் தொழில்தான். அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தம் காம இயல்பின் ஒரு பகுதிக்கு விடை தேடியே வருகிறார்கள், அந்த விடைக்காகவே பணம் கொடுக்கிறார்கள். அதை அறிந்தும் அறியாததுபோல நடந்துகொள்வது அவருக்கு நல்லதல்ல. ஆனால் இதிலிருந்து அவரைத் தாழ்த்தும் முடிவு எதுவும் பிறக்காது. அவர் வலிப்பதாகச் சொல்கிறாரே, அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று சற்றே யோசியுங்கள். பாலியல் தொழிலாளர்மீது சமூகம் கொட்டிவைத்திருக்கும் இகழ்ச்சி தம்மீதும் தெறித்துவிடுமே என்ற அச்சம்தான் அது. ‘நான் அவர்களில் ஒருத்தி அல்ல’ என்று அவர் சொல்லும்போது அந்த இகழ்ச்சி அப்படியே நிற்கிறது. அவர் மட்டும் ஓரடி விலகிக்கொள்கிறார்.

இத்தொழிலுக்குள் ஏணிப்படிகள் உண்டு என்பதை வெளியே இருப்பவர்கள் அறிவதில்லை. தனியறையும் விலையுயர்ந்த கருவிகளும் உடையவர் மசாஜ் நிலையத்தில் இருப்பவரைவிடத் தம்மை உயர்த்திக்கொள்கிறார். மசாஜ் நிலையத்தில் இருப்பவர் வீதியில் நிற்பவரைவிடத் தம்மை உயர்த்திக்கொள்கிறார். வீதியில் நிற்பவருக்குத் தாழ்த்துவதற்கு யாரும் மிஞ்சுவதில்லை. பொலிஸாரின் கையும் வன்முறையாளனின் கையும் முதலில் நீள்வது அந்தக் கடைசிப் படிக்குத்தான். வன்கூவரின் நகர்மையக் கிழக்குப் பகுதியிலிருந்து பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போன காலத்தில், அவர்கள் தங்கள் வாடிக்கையாளரைப் பாதுகாப்பாகச் சந்திப்பதற்கென்று இருந்த ஒரு வீடு, விபச்சார விடுதிச் சட்டத்தின் காரணமாகவே மூடப்பட்டது. கொலைகாரன் ஒருவன் நடமாடுகிறான் என்ற ஐயம் இருக்கும்போதே பெண்களுக்குப் புகலிடத்தை மறுக்கும் சட்டம் தன் நோக்கத்தையே தொலைத்துவிட்டது என்ற கருத்தை, தேவா அண்ணா குறிப்பிட்ட 2013 தீர்ப்பில் தலைமை நீதியரசர் மக்லாக்லின் எழுதியிருக்கிறார்.

அந்த வழக்கில் என்னை மிகவும் பாதிப்பது பெட்ஃபோர்ட் எடுத்த நிலைதான். அவர் இளமையில் வீதியில் நின்றவர். மசாஜ் நிலையத்திலும், கட்டணத்துக்கு அழைத்த இடம் செல்லும் எஸ்கோர்ட்டாகவும் வேலை செய்தவர். இறுதியில் டாமினேட்ரிக்ஸ் ஆனவர். முதல் வழக்கில், தம் வீட்டில் நடந்தது விபச்சாரம் அல்ல என்று சொல்லித் தற்காத்துக்கொண்டார். அது ஒரு குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் உரிமை. இரண்டாம் வழக்கில் அவரே வழக்காளி. அப்போது அவர் அந்தப் பழைய வேறுபாட்டை மீண்டும் நிறுவ முயலாமல், வீதியில் நிற்கும் பெண்ணுக்குத் தேவையான சட்டப் பாதுகாப்பைக் கேட்டு, தம் பெயரையே வழக்கின் பெயராகக் கொடுத்தார். கையில் சாட்டையோடு ஒளிப்படக் கருவிகளின் முன் நின்ற அவரைப் பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். நான் அவரை மிக மதிக்கிறேன்.

உங்கள் தோழி சொல்லும் வேறுபாடுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. உடலுறவு இல்லாததால் அவருக்கு நோய்த்தொற்று ஆபத்து மிகக் குறைவு. கட்டுப்பாடு அவர் கையில் இருப்பதால் மறுப்பது அவருக்கு எளிது. கயிறு கட்டுவதற்கும் இரத்தவோட்டம் தடைபடாமல் பார்ப்பதற்கும் உண்மையான பயிற்சி வேண்டும். இவையெல்லாம் அவர் தொழிலைப் பற்றிய விவரங்கள். இவற்றை அவர் பெருமையோடு சொல்லலாம். வேறொரு பெண்ணைவிடத் தாம் தூய்மையானவர் என்பதற்குச் சான்றாக அவற்றை நிறுத்தும்போதுதான் நான் உடன்பட மறுக்கிறேன்.

பொன்னம்பலம், மொன்றியல்

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். மாறுபட்ட கருத்தையும் எழுதச் சொல்லிப் பிள்ளை நிலானி கேட்டதால் எழுதுகிறேன். யாரையும் இகழும் எண்ணம் எனக்கில்லை. பாலியல் தொழிலாளர்களைச் சிறையில் அடைப்பதையும் நான் ஆதரிப்பவன் அல்லன்.

பெயரைப் பற்றிய இந்த விவாதம் மையத்தை விட்டு விலகிப் போவதாக எனக்குத் தோன்றுகிறது. உடலின்பம் விற்கப்படுவதைவிட, ஒரு மனிதனை அடிப்பதும் தாழ்த்துவதும் மணிக்கணக்குக்கு விற்கப்படுவது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. உடன்பாடு இருந்தால் போதும் என்கிறீர்கள். ஆனால் உடன்பாட்டுக்கு எல்லை உண்டு என்பதை நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. 1993ல், அந்நாளில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தனியிடத்தில் தாமாக விரும்பி ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்ட ஆண்களின் வழக்கில், காயம் ஏற்படும்போது உடன்பாடு தற்காப்பு ஆகாது என்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 1997ல் அதில் தவறு காணவில்லை. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995ல், பாலியல் செயலின்போது விளைந்த காயம் பற்றிய வெல்ச் என்ற வழக்கில் இதே திசையில்தான் சென்றது. ஒருவன் தன் உடலைத் தீங்குக்கு ஒப்புக்கொடுக்கும் உரிமை வரம்பற்றதல்ல என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. நான் அதை ஏற்கிறேன்.

பணம் குறுக்கே வரும்போது இக்கவலை பெருகுகிறது. பணம் கொடுப்பவர் சென்றமுறையைவிடச் சற்றே கூடுதலாகக் கேட்பார். வீட்டு வாடகை கட்டவேண்டிய பெண்ணுக்கு அதை மறுப்பது ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு எளிதாக இராது. நாள்தோறும் பிறரை இழிசொல்லால் தாக்கிவிட்டு வீடு திரும்பும் அந்தப் பெண்ணின் மனம் என்ன ஆகும் என்பதையும் யாரும் பேசவில்லை.

இன்னுமொன்று. கட்டிவைத்து அடிக்கப்பட்டவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். இந்நாட்டுக்கு அகதியாக வந்து, முகாம்களிலும் தடுப்புக்காவலிலும் தமக்கு நடந்ததை விசாரணை அதிகாரியின் முன் சொல்லும்போது குரல் உடைந்தவர்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்கள் எதை மறக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்களோ, அதையே ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. இதை நான் வாதமாக வைக்கவில்லை. ஆனால் ஒழுக்கம் பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

அருட்செல்வி, ரொறன்ரோ

பொன்னம்பலம் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடைசிப் பத்தியை மறுத்து எழுதுவது எனக்கு எளிதல்ல. என் உறவிலும் அப்படி உடைந்தவர்கள் உண்டு. ஆயினும் அந்த இரண்டு அறைகளையும் ஒன்றென்று எண்ண முடியாது, ஐயா. தடுப்புக்காவலில் இருந்தவர் எத்தனை முறை கெஞ்சியும் அடி நிற்கவில்லை; அதுதான் சித்திரவதையின் உயிர்நாடி. இங்கே வாடிக்கையாளர் முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சொல்லைச் சொன்ன கணத்தில் எல்லாம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது குற்றம், அதை நானும் குற்றம் என்றே சொல்வேன். வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் நமக்கு வலிக்கிறது. அந்த வலியை மதிக்கிறேன். ஆனால் அதை வைத்து வேறொருவரின் செயலுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் காட்டிய இங்கிலாந்து வழக்கில் பணம் கைமாறவே இல்லை. அந்த ஆண்கள் ஒருவருக்கொருவர் நண்பர்கள். எனவே தீங்குக்கு உடன்படலாமா என்பது கணவன் மனைவிக்கும் எழக்கூடிய கேள்வி; பாலியல் தொழிலுக்கென்று தனியாக உள்ள கேள்வி அல்ல. ஆனால் உங்கள் எச்சரிக்கை நிலானியின் தோழிக்கு மிகவும் தேவையானது. ‘என் தொழில் பாலியல் அல்ல’ என்பதால் அவர் தப்பிவிட முடியாது. பாலியல் அல்ல என்று வைத்துக்கொண்டால், கடுங்காயம் விளைவிக்கும் நோக்கோடு தாக்கியவருக்கு எதிராளியின் உடன்பாடு உதவாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டு ஜோபிடன் தீர்ப்பு நிற்கிறது. பாலியல்தான் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன வெல்ச் தீர்ப்பு நிற்கிறது. மயக்கமடைந்தவர் முன்பே கொடுத்த உடன்பாடு, மயக்க நிலையில் நடக்கும் பாலியல் செயலுக்குச் செல்லாது என்று 2011லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கழுத்தை நெரிப்பது, நினைவிழக்கச் செய்வது போன்றவற்றை எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கொடுத்துக் கேட்டாலும் அவர் செய்யக் கூடாது. இதை நான் தாதியாகவும் சொல்கிறேன். நெரித்த கழுத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

வாடகை பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒழுக்கத்தின் பெயரால் ஒரேயொரு கேள்வி கேட்க எனக்கு உரிமை கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அந்தப் பெண் இருக்கிறாரா என்பதைத்தான் கேட்பேன். அதற்கான விடை, அவர் பிரம்பைப் பிடித்திருக்கிறாரா, ஆடை களைகிறாரா என்பதைப் பொறுத்ததல்ல. கையில் மூன்று மாத வாடகைக்குச் சேமிப்பு இருக்கிறதா, விரும்பாத வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுப் பொலிஸை அழைக்கத் துணிவாரா என்பதைப் பொறுத்தது. இன்றைய சட்டம் வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்குவதால் அவர் பெயரையும் அடையாளத்தையும் மறைக்கிறார். மறைக்கும் ஆளைச் சோதித்தறிந்து உள்ளே விடுவது தொழிலாளிக்குக் கடினமாகிறது. ஐயா அஞ்சும் தீங்கு அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

நிலானி, ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. பொன்னம்பலம் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை, அதன்படி முடிவெடுக்கவும் முடியவில்லை. தோழியிடம் இத்திரியைக் காட்டினேன். பெட்ஃபோர்டின் முதல் வழக்கைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பாலியல் தொழிலாளி என்ற பெயரைத் தாம் ஏற்பதாக அவர் இன்னும் சொல்லவில்லை; நான் வற்புறுத்தவும் இல்லை.

தேவா அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வரும் ஆண்டில் இன்னொரு பெண்ணுக்குத் தம் அறையைப் பகுதி நேரம் கொடுத்து, அவர் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளவும், தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்க ஒரு வெளிநாட்டு மாணவியை வேலைக்கு வைக்கவும் தோழி எண்ணியிருக்கிறார். அப்போதும் நான் கணக்கு எழுதலாமா?

தேவா, மார்க்கம்

தங்கச்சி, அவர் அந்த இரண்டையும் செய்வதற்கு முன் ஒரு குற்றவியல் சட்டத்தரணியின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். வருமானத்தில் பங்கு எடுக்கும் கணத்தில் அவர் தம் சேவையை மட்டும் விற்பவர் என்ற நிலையிலிருந்து, இன்னொருவரின் சேவையால் பயன்பெறுபவர் என்ற நிலைக்கு மாறுகிறார். தம் சொந்தச் சேவைக்கு உள்ள விலக்கு அந்தப் பங்குக்குக் கிடையாது. இரு பெண்களும் வாடகையைச் சமமாகப் பகிர்ந்து, அவரவர் வருமானத்தை அவரவரே வைத்துக்கொள்வது வேறு கதை. அதில் இலாபம் பார்க்கும் மூன்றாம் கை இல்லை.

மாணவியை வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள், ஆடை களையும் நடனம், எஸ்கோர்ட் சேவை, காமம் சார்ந்த மசாஜ் ஆகியவற்றை வழக்கமாக வழங்கும் தொழில்தருநரிடம் வேலைக்கு உடன்படக் கூடாது என்பது குடிவரவு ஒழுங்குவிதி. அந்த வரிசையில் டாமினேட்ரிக்ஸ் என்ற சொல் இல்லை என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தில் தோற்றால் நாடு கடத்தப்படுவது அந்தப் பிள்ளை; உங்கள் தோழி அல்ல.

உங்களைப் பொறுத்தவரை, அவர் தனியாக இருக்கும்வரை எழுதுங்கள். வேலையைத் தொடங்குமுன், என்ன வேலை, என்ன கட்டணம் என்று மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் அதே ஒப்பந்தக் கடிதத்தில் கையொப்பம் வாங்குங்கள். காசாகத் தந்தாலும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அமைப்பு மாறினால் அந்தச் சட்டத்தரணியின் கடிதம் கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். நட்பின் பேரில் அவருடைய இணையத்தளத்துக்கு விளம்பர வாசகம் எழுதித் தரும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். தம் சேவையை விளம்பரப்படுத்த அவருக்கு உள்ள விலக்கு, 286.4 பிரிவின் கீழ் உங்களுக்கு இல்லை.